கோல் போஸ்டில் நிற்பவளின் அம்மா

"உங்க பொண்ணு ஃபுட்பால்ல எந்த இடத்துல ஆடறா?" என்று கேட்பார்கள். "கோல் கீப்பர்" என்பேன். "அப்ப ஓடவே வேணாம், நின்னா போதும், இல்ல?" என்பார்கள். மூன்று வருஷமாக இதற்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஒரேயடியாக எல்லாருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீடு அம்பத்தூர் ஓ.டி. பக்கம். கணவருக்கு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பெரியவள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கீப்பர் வராத ஒரு நாள், உயரமாக இருக்கிறாள் என்று பி.டி. டீச்சர் இவளைப் பிடித்து நிறுத்தினார். அன்றைக்கு நின்றவள்தான்.

நின்றால் போதுமா என்பதைச் சொல்கிறேன். கோல் போஸ்டின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. எங்கள் வீட்டின் முன்பக்கமே 20 அடிதான்! ஒரு வீட்டு முகப்பை விட அகலமான இடத்தை இவள் ஒருத்தி காக்க வேண்டும். பெனால்டி என்றால் பந்தை 36 அடி தூரத்தில் வைத்து உதைப்பார்கள். பந்து கிளம்பின பிறகு எந்தப் பக்கம் என்று யோசிக்க நேரமே கிடையாது. உதைக்கிறவளின் இடுப்பையும் காலையும் பார்த்தே பாய வேண்டுமாம். கையால் பந்தைத் தொடலாம், ஆனால் பெனால்டி கட்டத்துக்குள் மட்டும்தான். பிடித்த பந்தைக் கையிலேயே வைத்துக் கொண்டு நிற்கவும் முடியாது. 2025-லிருந்து 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கொடுத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் நடுவே தன் ஆட்களைப் பார்த்துக் கத்திக் கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிட்டால் "ம்" என்று கூட வாயைத் திறக்காதவள், கிரவுண்டில் போடுகிற சத்தம் ரோடு வரை கேட்கிறது!

பாய்கிறது சரி, விழுவது எங்கே? புல் தரை எல்லாம் டி.வி.யில்தான். நம் பக்கத்து மைதானம் காய்ந்த மண்ணும் சரளையும். இடுப்பில், தொடையில் அவளுக்குக் கன்றிப் போகாத வாரம் இல்லை. என் மாமியார் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி மஞ்சள் போட்டுத் தடவிக் கொண்டே, "கட்டிக் குடுக்கற பொண்ணு உடம்புல இப்படித் தழும்பு வச்சா யாருடீ கேப்பாங்க?" என்பார். தடவுவதை நிறுத்தவும் மாட்டார்.

கையுறை பற்றித் தனியாகவே எழுதலாம். உள்ளங்கைப் பக்கம் மெத்தென்ற ரப்பர் நுரை. லேசாக ஈரப்படுத்திப் போட்டால்தான் பந்து ஒட்டும். துவைத்து வெயிலில் காயப் போட்டால் ரப்பர் வெடித்துவிடும்; நிழலில்தான் காய வேண்டும். சரளை மண்ணில் விழுந்து விழுந்து மூன்று மாதத்தில் உள்ளங்கை பிய்ந்து போகிறது. எங்கள் வீட்டில் அப்பளம் காயும் கொடியை விட அந்தக் கையுறை தொங்கும் கொடிக்குத்தான் காவல் அதிகம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெளி மாவட்டத்தில் இருக்கும் ஒரு பெண்கள் கிளப்பிலிருந்து இவளைக் கேட்டிருக்கிறார்கள். ஹாஸ்டல், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். ஆனால் முதல் கீப்பர் ஏற்கெனவே இருக்கிறார், இவள் இரண்டாவது. "ரெண்டாவதுன்னா என்ன அர்த்தம்? வருஷம் பூரா பெஞ்சுல உக்காரவா அவ்ளோ தூரம் அனுப்பறது?" என்றார் என் கணவர். நியாயமான கேள்வி. மற்ற இடங்களிலாவது பாதி ஆட்டத்தில் ஆளை மாற்றி இறக்குவார்கள். கீப்பரை, அடிபட்டால் ஒழிய, மாற்றுவதே அபூர்வம். பதினோரு பேரில் அந்த ஒரு இடத்துக்குத்தான் இத்தனை பேரும் காத்திருக்கிறார்கள்.

பதில் சொல்வதற்கு முன், இந்தத் தொழிலில் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். அதிதி சவுகான் என்று ஒரு பெண். 1992-ல் நம் சென்னையில் பிறந்து டில்லியில் வளர்ந்தவர். கராத்தே, கூடைப்பந்து என்று இருந்தவர் 15 வயதுக்கு மேல்தான் கால்பந்துக்கே வந்திருக்கிறார். டில்லியில் பட்டப்படிப்பை முடித்து, இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு நிர்வாகம் படிக்கப் போனார். படிக்கப் போன இடத்திலேயே 2015-ல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் பெண்கள் அணியில் சேர்ந்து, இங்கிலாந்து லீக் போட்டியில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். அந்த முதல் ஆட்டம் என்ன ஆயிற்று தெரியுமா? கோவென்ட்ரி அணியிடம் 0-5! ஐந்து கோல் வாங்கிய பிறகும் மறுபடி கையுறையை மாட்டிக் கொண்டு போனாரே, அந்த மனசைத்தான் நான் பார்த்தேன். அப்புறம் இந்தியாவுக்குத் திரும்பி கோகுலம் கேரளா அணியில் லீக் கோப்பை வாங்கினார். 2025 ஜூலையில் 32 வயதில் ஓய்வு பெற்றார். படிப்பை விடாமல் பிடித்துக் கொண்டவர் என்பதை மட்டும் நான் என் பெண்ணிடம் நாலு தரம் படித்துக் காட்டினேன். அவள் அந்த 0-5-ஐத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஆவடி டாங்க் ஃபாக்டரியில் ரிடையர் ஆன என் மாமனார், "பீட்டர் தங்கராஜைத் தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தார். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்து, ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர். முன்னால் நின்று கோல் அடித்துக் கொண்டிருந்தவர், பிறகுதான் கீப்பர் ஆனாராம். 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்ஸ். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர், 1967-ல் அர்ஜுனா விருது. "அவருக்குப் பட்டாளத்துல சம்பளம் வந்துது மாமா, இவளுக்கு யார் தருவா?" என்று கேட்டேன். அதற்கு அவர், கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் கதையைச் சொன்னார். இந்திய அணியில் ஆடியவர், நம் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதாம். சர்டிபிகேட்டுகளைப் பத்திரமாக ஃபைல் போட்டு வைக்கச் சொல்லி, தானே ஒரு ஃபைலும் வாங்கி வந்துவிட்டார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் இன்னொரு பெண். தமிழ்நாட்டைச் சேர்ந்த சௌமியா நாராயணசாமி. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தபோது இந்திய அணியில் மூன்று கீப்பர்கள். அவர்களில் இவரும் ஒருவர். ஈரானுடன் முதல் ஆட்டம் 0-0. கோலில் நின்றவர் அதிதி. அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் பல பேருக்குக் கொரோனா வந்து, ஆட ஆள் போதாமல் இந்தியா போட்டியை விட்டே விலக வேண்டியதாகிவிட்டது. எத்தனை வருஷப் பயிற்சி, எத்தனை காலைத் தூக்கம் போயிருக்கும்! அந்த வீட்டில் அன்றைக்கு அவர் அம்மா என்ன சமைத்திருப்பார், யார் சாப்பிட்டிருப்பார் என்றெல்லாம் எனக்குத் தோன்றியது. அதே இந்திய அணி 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று ஜெயித்து, 2026 ஆசியக் கோப்பைக்குப் போனது. கோலில் மணிப்பூரின் பந்தோய் சானு. ஆனால் பேப்பரில் பெரிதாகப் போட்டது இரண்டு கோல் அடித்த சங்கீதாவைத்தான். தப்பில்லை. சமையலில் உப்பு சரியாக இருக்கிற அன்றைக்கு யார் உப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்?

இதையெல்லாம் பெண்ணிடமே நேராகச் சொன்னேன். "ஒரு வருஷம் முழுக்க உக்கார வேண்டியிருக்கும், தெரியுமில்ல?" என்றேன். "உக்காரலைம்மா. தினம் முதல் கீப்பரோட சேர்ந்துதான் பிராக்டிஸ். அவங்க தப்பையும் பாப்பேன், என் தப்பையும் பாப்பேன்" என்றாள். அவள் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது, ஹாஸ்டலுக்கு அருகில் எந்தக் காலேஜில் பி.காம். இருக்கிறது என்று விசாரித்துக் கொண்டு வந்திருந்தார்.

அனுப்புவதாக முடிவு செய்துவிட்டோம். காலேஜில் சேர்ந்த ரசீது கைக்கு வந்த பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்து. கையெழுத்துப் போடும் முன் காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். பெண்களுக்கு முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களை விட அதிகம் என்கிறார்கள், அதனால் இதை நான் விடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. ஹாஸ்டல் வார்டன் யார், பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை நேரில் போய்ப் பார்க்க, வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் மாமனாரும் கிளம்புகிறோம். பெண்ணை ஹாஸ்டலில் விட்ட அனுபவம் உள்ள வாசகியர், வேறு என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

மாமியார் ஒரு பாட்டில் மஞ்சள் எண்ணெய் காய்ச்சி ஆற வைத்திருக்கிறார். மூடி சரியாக இல்லை என்று இரண்டு முறை பாட்டிலை மாற்றியாகிவிட்டது.

- ஒரு வாசகி, அம்பத்தூர்.