அம்மாவிடம் மறைக்கலாமா? ஒரு பொய்யும் மூன்று தத்துவ மரபுகளும்

பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்று டாக்டரின் அறைக்குள் முதலில் நுழைவது பெரும்பாலும் நோயாளியாக இருக்காது; மகனோ மருமகனோ முந்திக்கொள்வார்கள். "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர். அல்சர்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். தெரிஞ்சா மனசு விட்டுடுவாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். புற்றுநோய் மருத்துவர்களுக்குப் பழகிப்போன வேண்டுகோள் இது.

கேட்பவர் கெட்டவர் இல்லை. அம்மாவின் மேல் உயிரையே வைத்திருப்பவர். அன்பிலிருந்து பிறக்கும் பொய் என்பதால்தான் இதைச் சரி என்றோ தப்பு என்றோ சட்டெனச் சொல்ல முடிவதில்லை. ஒருவரைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லலாமா?

"வெள்ளைக்காரர்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள், நாம் குடும்பமாக வாழ்பவர்கள், அதனால் மறைக்கிறோம்" என்று ஒரு சுலபமான விளக்கம் உண்டு. ஆனால், இந்திய, இஸ்லாமிய, மேற்கத்தியச் சிந்தனையாளர்கள் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்பதில்லை. மூன்று மரபுகளுமே பொய்யைப் பற்றிப் பேச, ஏறக்குறைய ஒரே கதையை எடுத்துக்கொண்டன. கொல்லத் துரத்தும் ஒருவன். உயிருக்குப் பயந்து ஒளிந்திருக்கும் ஒருவன். ஒளிந்த இடம் தெரிந்த மூன்றாவது ஆள். துரத்தி வந்தவன் "அவன் எங்கே?" என்று கேட்கிறான். மூன்றாவது ஆள் என்ன சொல்ல வேண்டும்?

உண்மை பேசி நரகம் போனவர்

மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் இந்தக் கதையைச் சொல்பவர் கிருஷ்ணர். போர்க்களத்தில் கோபத்தில் இருந்த தருமர், காண்டீபத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடும்படி அர்ஜுனனைத் திட்டிவிடுகிறார். அப்படிச் சொல்பவரைக் கொல்வேன் என்று ஏற்கெனவே சபதம் செய்திருந்த அர்ஜுனன், அண்ணன் மீதே வாளை உருவுகிறான். சபதம் காப்பதுதானே சத்தியம் என்பது அவன் வாதம். அவனைத் தடுத்து நிறுத்த கிருஷ்ணர் சொல்லும் கதைகளில் ஒன்று கௌசிகரின் கதை.

நதிக்கரையில் வாழ்ந்த கௌசிகர், எப்போதும் உண்மையே பேசுவது என்று விரதம் பூண்டவர். சத்தியவாதி என்று பெயர் எடுத்தவர். ஒருநாள் கொள்ளையர்களுக்குப் பயந்து சிலர் பக்கத்துக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். பின்னாலேயே வந்த கொள்ளையர்கள் கௌசிகரிடம் வழி கேட்டார்கள். அவர் உள்ளபடியே காட்டைக் காட்டினார். ஒளிந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கௌசிகருக்குக் கிடைத்தது நரகம்.

அவருடைய விரதம் காப்பாற்றப்பட்டது; மனிதர்கள் காப்பாற்றப்படவில்லை. ஆனால், இதை வைத்து 'தேவைப்பட்டால் பொய் சொல்லலாம்' என்று மகாபாரதம் கதவை அகலத் திறந்துவிடவும் இல்லை. துரோணரை வீழ்த்துவதற்காக, அசுவத்தாமன் இறந்ததாக தருமர் அரைகுறை உண்மை ஒன்றைச் சொன்னதும், அதுவரை தரையில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவருடைய தேர் மண்ணில் இறங்கிவிடுகிறது. கடைசியில் அந்தப் பொய்க்காகவே அவர் நரகத்தைக் கண்ணால் பார்க்கவும் நேர்கிறது. உயிர் காக்கும் பொய்யும் காரியம் சாதிக்கும் பொய்யும் ஒன்றல்ல என்பதை இதிகாசம் இரு கதைகளிலும் காட்டிவிடுகிறது.

திருக்குறளின் வாய்மை அதிகாரமும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. நடந்ததை நடந்தபடி சொல்வதை மட்டும் வள்ளுவர் வாய்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் தீங்கு தராத சொல்லா என்று பார்க்கிறார். அதோடு, தன் நெஞ்சறியப் பொய் சொல்பவனை அவன் நெஞ்சே சுடும் என்றும் எச்சரிக்கிறார்.

இமாம் கஸ்ஸாலி போட்ட இரண்டு பூட்டுகள்

அடுத்தது இஸ்லாமிய மரபு. பாரசீகத்தின் தூஸ் நகரில் 1058-ல் பிறந்த இமாம் கஸ்ஸாலி, பாக்தாத்தின் புகழ்பெற்ற நிஜாமிய்யா கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். செல்வாக்கின் உச்சியில் இருந்தபோது, 1095-ல், அந்தப் பதவியை விட்டு வெளியேறினார். அவருடைய பெரும் படைப்பான 'இஹ்யா உலூமித்தீன்' 40 பகுதிகள் கொண்டது. அதில் ஒரு பகுதி முழுக்க நாக்கினால் வரும் கேடுகளைப் பற்றியது.

பேச்சு என்பது ஒரு கருவி என்று தொடங்குகிறார் கஸ்ஸாலி. ஒரு நல்ல நோக்கத்தை உண்மை பேசியே அடைய முடியும் என்றால், அங்கே பொய் ஹராம். பொய்யால் மட்டுமே முடியும் என்றால், நோக்கம் எது என்று பார்க்க வேண்டும். அநியாயமாகக் கொல்ல வருபவனிடமிருந்து ஒளிந்திருக்கும் அப்பாவியைக் காப்பாற்றுவது கடமை. ஆகவே அங்கே பொய் சொல்வதும் கடமை. கௌசிகர் கதைக்கு கிருஷ்ணர் சொன்ன அதே முடிவு, முற்றிலும் வேறொரு மரபிலிருந்து வருகிறது.

'வேறு வழியே இல்லையா' என்பது அவர் போட்ட முதல் பூட்டு. இரண்டாவது, மனசாட்சியின் மீது போட்டது. இந்த வாசலை ஒருமுறை திறந்துவிட்டால், தேவையில்லாத இடத்திலும் மனிதன் உள்ளே நுழைந்துவிடுவான் என்பது அவருக்குத் தெரியும். பொய்யால் வரும் கேட்டையும் உண்மையால் வரும் கேட்டையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார். பொய் தன் சொந்த நலனுக்காக என்றால், அந்த நலனை விட்டுக்கொடுத்துவிட்டு உண்மை பேசுவதே மேல் என்கிறார். அடுத்தவருடைய உரிமை அதில் கலந்திருந்தால் அதை அப்படி விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை என்பது அவர் வாதம்.

மேற்கு சொன்ன மூன்று பதில்கள்

மேற்குலகம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. மிகக் கடுமையான குரல் ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்ட்டினுடையது. உண்மையைக் கேட்க உரிமை உள்ளவரிடம் மட்டுமே உண்மை பேசும் கடமை இருக்கிறது, கொலைகாரனுக்கு அந்த உரிமை இல்லை என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் வாதிட்டிருந்தார். 1797-ல், தன் 73-வது வயதில், காண்ட் அதற்கு மறுப்பு எழுதினார். கொலைகாரனிடமும் பொய் கூடாது என்பது அவர் தீர்ப்பு. நண்பன் வீட்டுக்குள் இல்லை என்று பொய் சொல்கிறீர்கள். அவனோ உங்களுக்குத் தெரியாமல் வெளியே போயிருக்கிறான். திரும்பிப் போகும் கொலைகாரன் கையில் அவன் சிக்கினால் அந்தப் பழி உங்களையும் சேரும் என்றார்.

பலருக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியும். ஆனால், காண்ட்டின் கவலை வேறு. மனிதனை நம் நோக்கத்துக்கான கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்பது அவருடைய அறத்தின் அடித்தளம். பொய், கேட்பவரின் கையிலிருந்து முடிவெடுக்கும் வாய்ப்பைப் பிடுங்கிக்கொள்கிறது.

இன்னொரு முனையில் இங்கிலாந்தின் ஜான் ஸ்டூவர்ட் மில். 1861-ல் பயன்பாட்டுவாதம் பற்றி எழுதியபோது, உண்மை பேசுதல் என்ற விதிக்கும் விலக்கு உண்டு என்றார். அவர் கொடுத்த உதாரணங்களில் ஒன்று, கெட்டவனிடம் தகவலை மறைப்பது. மற்றொன்று, உயிருக்குப் போராடும் நோயாளியிடம் கெட்ட செய்தியை மறைப்பது! நம் மருத்துவமனை வராந்தாவை அவர் அன்றே எட்டிப் பார்த்துவிட்டார். ஆனால், விலக்கின் எல்லையைத் தெளிவாக வரையறுக்க வேண்டும் என்றும், குறிப்பாகத் தன்னை அல்லாமல் இன்னொருவரைக் காக்கும்போதே அது பொருந்தும் என்றும் சேர்த்தே சொன்னார்.

இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே புனித அகஸ்டின் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. இன்றைய அல்ஜீரியாவில் இருந்த தகாஸ்ட் என்ற ஊரில் பிர்முஸ் என்றொரு ஆயர். அடைக்கலம் தேடி வந்த ஒருவரை அவர் ஒளித்துவைத்தார். பேரரசரின் ஆட்கள் வந்து கேட்டபோது, 'பொய்யும் சொல்ல மாட்டேன், காட்டியும் கொடுக்க மாட்டேன்' என்று நின்றார். சித்திரவதை செய்தும் அசையவில்லை. அந்த உறுதியைக் கண்டு வியந்த பேரரசர், ஒளிந்திருந்தவரை மன்னித்துவிட்டார். எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல முடியாது. ஆனால், 'பொய்யா, காட்டிக்கொடுப்பதா' என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு.

ஏமாற்றப்படுவது யார்?

இப்போது பயாப்சி ரிப்போர்ட்டுக்கு வருவோம். கிருஷ்ணரும் கஸ்ஸாலியும் அனுமதித்த பொய், கொல்ல வந்தவனிடம் சொல்லப்பட்டது, காப்பாற்றப்பட்டது வேறொருவர். மருத்துவமனையில் அப்படியில்லை. யாரைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அவரிடமே பொய் சொல்கிறோம். அந்த ரிப்போர்ட் அம்மாவின் உடலைப் பற்றியது. கான்ஸ்டன்ட் கேட்ட 'உண்மையைக் கேட்கும் உரிமை' இந்த உலகத்தில் வேறு யாருக்கும் முன்னால் அவருக்குத்தான் இருக்கிறது. ஆகவே, கொலைகாரன் கதையில் கிடைத்த அனுமதிச் சீட்டை அப்படியே இங்கே நீட்ட முடியாது.

மறைப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சீன வம்சாவளி அமெரிக்க இயக்குநர் லூலு வாங், தன் சொந்தப் பாட்டியின் கதையை 2019-ல் 'தி ஃபேர்வெல்' என்ற படமாக எடுத்தார். பாட்டிக்குப் புற்றுநோய் என்பதை மறைத்து, ஒரு கல்யாணத்தைச் சாக்கு வைத்துக் குடும்பமே ஒன்றுகூடுகிறது. நோயாளியின் பாரத்தைக் குடும்பம் பங்கு போட்டுச் சுமக்கிறது என்பது அவர்கள் பார்வை. 'என் உயிர் என்னுடையது மட்டுமல்ல' என்று எண்ணும் சமூகங்களுக்கு இது புரியும்.

ஆனால், இதைக் கிழக்கின் குணம் என்று சொல்லிவிட முடியாது. நோயாளியிடம் இருண்ட செய்திகளைச் சொல்ல முந்திக்கொள்ளக் கூடாது என்று 1847-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறையே சொன்னது. 1961-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், சுமார் 90 சதவிகித மருத்துவர்கள் புற்றுநோயைச் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-ல் அதே மாதிரியான ஆய்வில், 97 சதவிகிதத்தினர் சொல்லிவிடுவதை விரும்பினார்கள். 18 ஆண்டுகளில் ஒரு நாட்டின் வழக்கமே தலைகீழானது. நேற்றுவரை அவர்களும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள்.

மறைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. புற்றுநோய் என்று போர்டு மாட்டிய மருத்துவமனைக்குள் அழைத்துவந்து, கீமோ கொடுத்து, முடி கொட்டிய பிறகும் அல்சர் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லிவிடுவார். சில அம்மாக்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று தெரியாததுபோல இருப்பார்கள். பிள்ளை அம்மாவுக்காக நடிக்க, அம்மா பிள்ளைக்காக நடிக்க, பேச வேண்டியதெல்லாம் நின்றுபோகும். பத்து வருடமாகப் பேசாத தங்கையைக் கூப்பிட்டுப் பேச அந்த அம்மா ஆசைப்பட்டிருக்கலாம். நகையை யாருக்குக் கொடுப்பது என்று சொல்லிவைக்க நினைத்திருக்கலாம். நாட்கள் குறைவு என்று தெரியாதவருக்கு அதற்கான அவசரம் எப்படித் தெரியும்?

எப்போது, எப்படி, எவ்வளவு

பௌத்தத்தின் மஜ்ஜிம நிகாயத்தில் புத்தருக்கும் அபயன் என்ற இளவரசனுக்கும் நடந்த உரையாடல் ஒன்று இருக்கிறது. மனம் நோகும் வார்த்தையைப் பேசுவீர்களா என்று கேட்கிறான் அபயன். அவன் மடியில் ஒரு கைக்குழந்தை. "இந்தக் குழந்தை கல்லை விழுங்கி, அது தொண்டையில் சிக்கினால் என்ன செய்வாய்?" என்ற பொருளில் திருப்பிக் கேட்கிறார் புத்தர். ரத்தம் வந்தாலும் பரவாயில்லை, விரலை விட்டு எடுத்துவிடுவேன் என்கிறான் அவன். உண்மையாகவும் நன்மை தருவதாகவும் இருந்தால், கசப்பானதையும் பேசலாம்; ஆனால், அதற்குரிய வேளை அறிந்து பேச வேண்டும் என்று விளக்குகிறார் புத்தர். பேச்சின் வகைகளை அவர் அடுக்கும்போது, 'பொய்தான், ஆனால் நன்மை தரும்' என்ற வகைக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

இன்றைய மருத்துவமும் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. கெட்ட செய்தியைச் சொல்வதற்காக 2000-ல் வெளியான 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறையை உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேட்பது அதில் முக்கியமான படி. "எதுவானாலும் என் பையன்கிட்ட சொல்லிடுங்க, எனக்கு வேண்டாம்" என்று அம்மா சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். அங்கே பொய்யும் இல்லை, வலிந்து திணித்த உண்மையும் இல்லை. ஆயர் பிர்முஸ் தேடிய மூன்றாவது வழி இதுவாகவும் இருக்கலாம்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறைகளும் நோயின் தீவிரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது என்கின்றன. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நன்மை தரும் அளவுக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை அவர் தாயின் சம்மதத்தோடு அகற்றிய வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுயநினைவு திரும்பக்கூடிய, அவசரம் இல்லாத நிலையில், பெற்ற தாயே ஆனாலும் நோயாளிக்குப் பதிலாக முடிவெடுக்க முடியாது.

ஆக, மறைக்கலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு இந்த மரபுகள் கொடுப்பது சில கேள்விகளை. வேறு வழியே இல்லையா என்று கஸ்ஸாலி கேட்பார். முடிவெடுக்க வேண்டியவர் யார் என்று காண்ட் கேட்பார். வேளை அறிந்தாயா என்று புத்தர் கேட்பார். இது யாரைக் காப்பாற்றும் பொய் என்று மில் கேட்பார். இந்தக் கடைசிக் கேள்விதான் சங்கடமானது. அம்மா அழுவதைப் பார்க்கும் தைரியம் நமக்கு இல்லாததால்தான் பல நேரம் மறைக்கிறோம்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது என்பதற்கும் கௌசிகரே சாட்சி. அவர் உண்மையைச் சொன்னார். அதன் பிறகு யாருக்கு என்ன ஆனது என்று பார்க்க எழுந்து போகவில்லை. நோயாளியிடம் சொல்பவர், சொன்ன பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் அழுதால் அழவிட வேண்டும். நாளை காலை எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும்.