தீயணைப்புச் சான்றிதழ் இருக்கிறது; மாடிப்படி காலியாக இருக்கிறதா?

கும்பகோணம் காசிராமன் தெருவில் இயங்கிய ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று சமையற்கூடத்தில் பற்றிய தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக்கூரைக்குத் தாவியது. எரியும் கூரை தலைமேல் சரிய, குறுகிய படிக்கட்டு வழியே தப்ப முடியாமல் 94 குழந்தைகள் இறந்தனர்.

இதையடுத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13-இல் நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்குமான உத்தரவைப் பிறப்பித்தது. தீயணைப்புக் கருவிகள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கட்டட உறுதி ஆகியவை இல்லாமல் அங்கீகாரம் தரக்கூடாது என்பது அதன் சாரம்.

கீற்றுக்கூரைகள் போய்விட்டன. ஆனால் தீயணைப்புத் துறையின் சான்றிதழ், அதிகாரி வந்து பார்த்த அன்றைய நிலைமைக்குத்தான் சாட்சி. மறுவாரமே உடைந்த பெஞ்சுகள் மாடிப்படிக்கு அடியில் சேரலாம். ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சிப் பின்வாசலைப் பூட்டிவிடலாம். அதனால் ஆய்வை மாதாந்தர வேலையாகப் பள்ளியே வைத்துக்கொள்ள வேண்டும்.

வழி: வகுப்பு நடக்கும் நேரம் முழுக்க எல்லா வாசல்களும் சாவி தேடாமல் திறக்க வேண்டும். படிகளிலும் நடைகளிலும் எதையும் அடுக்கக் கூடாது.

தீயணைப்பான்: சிவப்பு உருளையின் கழுத்தில் உள்ள சின்ன வட்ட மானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். பாதுகாப்புப் பின்னும் முத்திரையும் அப்படியே இருக்கின்றனவா, குழாய் வெடித்திருக்கிறதா, அடுத்த நிரப்புத் தேதி எப்போது என்று பாருங்கள். தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைத்த உருளை யாருக்கும் உதவாது. பெரும்பாலான கையடக்க உருளைகள் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து அடிக்க ஆசிரியர்கள் முன்பே பழகியிருக்க வேண்டும்.

மின்சாரம்: பழைய வயரிங்கில் ஏசியும் ஸ்மார்ட் போர்டும் சேரும்போது சுமை கூடுகிறது. அடிக்கடி டிரிப் ஆகிறதென்று பெரிய எம்சிபி மாட்டுவது, எச்சரிக்கையின் வாயை அடைப்பது. சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது வயரை மாற்ற வேண்டும். மின்தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

சமையல்: வகுப்பறையை ஒட்டி அடுப்பு வேண்டாம். கேஸ் குழாயில் அச்சிட்ட காலக்கெடுவைப் பார்த்து மாற்ற வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் ஒத்திகை இல்லாமல் பயனில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் மணி அடியுங்கள். ஒரு மாடிப்படியை அடைத்து, மற்றொரு படி வழியாக இறங்கச் சொல்லுங்கள். நடக்க முடியாத மாணவரை யார் தூக்கி வருவது என்று பெயர் சொல்லிப் பொறுப்பு கொடுங்கள். மைதானத்தில் வருகைப் பதிவேட்டை வைத்துத் தலை எண்ணுங்கள். எங்கே நெரிசலானது, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும் பெற்றோர் சான்றிதழோடு அந்தக் குறிப்பையும் கேட்கலாம். கடைசி ஒத்திகையில் எந்தப் படியில் நெரிசல் என்று பள்ளியால் சொல்ல முடியாவிட்டால், ஒத்திகை நடந்ததா என்பதே சந்தேகம்தான்.