வீட்டில் எழுதிய சிடியும் பழைய கார் ஸ்டீரியோவும்

ஜப்பானில் ஓடி முடித்து, கப்பலேறி இலங்கைக்கு வந்த பழைய கார்களை வாங்கியவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். டாஷ்போர்டில் கம்பெனி பொருத்திய ஸ்டீரியோ பளிச்சென்று இருக்கும். ரேடியோவைத் திருகினால் ஊர் எஃப்.எம். நிலையங்களில் பெரும்பாலானவை கிடைக்காது. ஜப்பானில் எஃப்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90-இல் முடிந்த காலத்துச் செட் அது. நமக்கோ 88-க்கு மேல் 108 வரை போகிறது. பழைய செட்டென்றால் யூஎஸ்பி இருக்காது, புளூடூத் இருக்காது. சிலவற்றில் மினிடிஸ்க் போடும் வாய் இருக்கும். அந்த வட்டுக்கு எங்கே போவது? மிஞ்சுவது சிடி ஒன்றுதான்.

கடையில் வாங்கிய சிடியைப் போட்டால் அந்தச் செட் அருமையாகப் பாடும். வீட்டுக் கணினியில் நாமே எழுதிய சிடியைப் போட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் சுற்றும், ‘எரர்’ என்று காட்டி வெளியே தள்ளிவிடும். அதே சிடி கணினியில் குறையின்றிப் பாடும். உடனே செட் பழுது என்று முடிவு கட்டி, கழற்றிவிட்டு மலிவான புதுச் செட் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் 2000-களில் வாங்கிய கார்களின் செட்களுக்கு இதே கதிதான். எனக்கு இது வருத்தம் தருகிற விஷயம். அந்தச் செட்களில் பல நல்ல ஆம்ப்ளிஃபயரும் உறுதியான பொத்தான்களும் கொண்டவை. அவை கேட்பதைக் கேட்டபடி கொடுத்தால் இன்னும் பல வருஷம் பாடும்.

என்ன கேட்கின்றன என்று புரிய, சிடி உள்ளே போனதும் நடப்பதைப் பார்க்க வேண்டும். லென்ஸைத் தாங்கிய சிறு வண்டி முதலில் வட்டின் மையத்தை ஒட்டிய உள் ஓரத்துக்கு நகர்கிறது. சிடியில் எல்லாமே உள்ளிருந்து வெளியே போகும் ஒரே சுருள். லேசர் எரிகிறது, 780 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. லென்ஸ் மேலும் கீழும் மெல்ல ஏறி இறங்கி, ஒளிப்புள்ளி வட்டின் உலோகப் படலத்தில் கூர்மையாகக் குவியும் இடத்தைத் தேடுகிறது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைக் கிட்ட வைத்தால் ‘டிக், டிக்’ என்று மெலிதாகக் கேட்கும். திரும்பி வரும் ஒளி போதுமான அளவு இருந்தால் மோட்டார் வேகம் பிடிக்கிறது. சுருளின் தொடக்கத்தில் இருக்கும் பொருளடக்கத்தைச் செட் படிக்கிறது. எத்தனை பாட்டு, எது எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதில்தான். ஒளி போதவில்லை என்றால் லென்ஸ் சில முறை முயன்று பார்த்துவிட்டுக் கைவிடுகிறது. அந்த ‘எரர்’ பெரும்பாலும் இந்த முதல் சில நொடிகளின் தீர்ப்பு. பாட்டு என்ன ஆனது என்று செட் அதுவரை பார்க்கவே இல்லை.

கடைச் சிடி தொழிற்சாலையில் அச்சடித்தது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் குழிகளை அழுத்தி, மேலே அலுமினியம் பூசி, அரக்குப் பூச்சு போடுகிறார்கள். குழிகளின் வரிசைகளுக்கு நடுவே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. குழியின் நீளம் 0.8-லிருந்து சுமார் 3 மைக்ரோமீட்டர் வரை ஒன்பது அளவுகளில் மாறும். குழியின் மேல் போகும்போது திரும்பும் ஒளி மங்கும், சமதளத்தில் பளிச்சிடும். மங்கலையும் பளிச்சையும் செட் எண்களாகப் படிப்பதில்லை. ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் விளிம்பு எந்தக் கணத்தில் வருகிறது என்பதைத்தான் அளக்கிறது. எழுதிய சிடியில் வரும் சிக்கல்களில் பாதி இந்த விளிம்பில் இருக்கிறது.

ஏனென்றால் நாம் எழுதும் சிடியில் குழியே கிடையாது. ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 1988-இல் அறிமுகப்படுத்திய அந்த வட்டில், பிளாஸ்டிக்குக்கும் உலோகப் படலத்துக்கும் நடுவே சாய அடுக்கு ஒன்று இருக்கிறது. கணினியின் ரைட்டர் கூடுதல் சக்தியுள்ள லேசரால் அந்தச் சாயத்தைச் சுடுகிறது. சுட்ட இடம் ஒளியைச் சரியாகத் திருப்பாது. படிக்கிற செட்டுக்குக் குழி போலத் தெரியும். எழுதப்படாத வட்டிலும் சுருளான பள்ளம் ஒன்று முன்பே இருக்கிறது. அது மிக நுண்ணிய அளவில் பக்கவாட்டில் நெளிந்துகொண்டே போகும். ரைட்டர் அந்த நெளிவைப் பார்த்துத்தான் தன் வேகத்தையும் இடத்தையும் தெரிந்துகொள்கிறது.

சிடி பிளேயர் சந்தைக்கு வந்தது 1982 அக்டோபரில், ஜப்பானில். காருக்கான பிளேயரைப் பயனியர் 1984-இல் கொண்டுவந்தது. ஆக, 80-களின் நடுவில் வடிவமைத்த செட்டுக்குச் சாயச் சிடி என்று ஒன்று வரப்போவதே தெரியாது. அச்சடித்த சிடி தன்மேல் விழும் ஒளியில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்ப வேண்டும் என்பது விதி. அதை நம்பித்தான் அந்தச் செட்டைச் செய்தார்கள். எழுதும் சிடிக்கு விதித்த அளவு 65 சதவீதம். வித்தியாசம் சிறிதுதான். புதிதாக இருந்தபோது செட் அதைச் சமாளித்திருக்கும். இருபது வருஷத் தூசி லென்ஸில் படிந்து, லேசரும் சோர்ந்த பிறகு அந்தச் சிறு குறையே பெரிதாகிவிடுகிறது.

அழித்து எழுதும் ஆர்.டபிள்யூ. வட்டை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். அதில் சாயம் இல்லை. வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெலூரியம் சேர்ந்த உலோகக் கலவை இருக்கிறது. படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாறி மாறிப் போவதால்தான் அதை அழித்து எழுத முடிகிறது. ஆனால் அது திருப்புவது 15 முதல் 25 சதவீத ஒளிதான். அந்த மங்கலை ஈடுகட்டும் மின்சுற்று பழைய கார் செட்களில் கிடையாது. ஒரு முறை மட்டும் எழுதும் சாதாரண ‘ஆர்’ வட்டே நமக்கு வேண்டியது. கடையில் டிவிடி-ஆர் வட்டையும் சேர்த்தே அடுக்கி வைத்திருப்பார்கள்; பார்க்க ஒன்றுபோல இருக்கும். அதன் தடங்கள் 0.74 மைக்ரோமீட்டர் நெருக்கத்தில், 650 நானோமீட்டர் சிவப்பு லேசருக்காகப் போடப்பட்டவை. சிடி செட் அதை எந்த நாளிலும் படிக்காது.

அடுத்தது, எழுதும் விதம். இங்கேதான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். எம்பி3 கோப்புகளை அப்படியே இழுத்துச் சிடியில் போட்டால் அது டேட்டா சிடி. 90-களின் செட்டுக்கு எம்பி3 என்றால் என்னவென்றே தெரியாது. பொருளடக்கத்தில் ‘இது தரவு’ என்ற குறியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும், அல்லது வெளியே தள்ளும். எழுதும் மென்பொருளில் ‘ஆடியோ சிடி’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது மென்பொருள் ஒவ்வொரு பாட்டையும் விரித்து, நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடம் என்ற சிடியின் சொந்த வடிவத்துக்கு மாற்றி எழுதும். ஒரே வட்டில் நூற்றைம்பது பாட்டு என்ற வசதி போய்விடும். பதினைந்து, பதினாறு பாட்டுத்தான் வரும். பழைய செட்டுக்கு அதுதான் தாய்மொழி.

கணினியில் பாடுகிற சிடி காரில் பாடாததற்கு இன்னொரு காரணம், வட்டை மூடாமல் விட்டது. பாட்டுகளை ஒவ்வொன்றாக எழுதும் முறையில், பொருளடக்கம் முதலில் ஒரு தற்காலிக இடத்தில்தான் குறிக்கப்படுகிறது. கடைசியில் ‘ஃபைனலைஸ்’ கொடுத்தால்தான் அது முறையான இடத்துக்கு ஏறும். ரைட்டருக்கு அந்தத் தற்காலிகக் குறிப்பைப் படிக்கத் தெரியும். கார் செட்டுக்குத் தெரியாது; அதன் கண்ணுக்கு அது வெற்று வட்டு. ‘டிஸ்க்-அட்-ஒன்ஸ்’ என்ற வழி இருந்தால் அதையே எடுங்கள். தொடக்கம், பாட்டு, முடிவு எல்லாவற்றையும் லேசரை நிறுத்தாமல் ஒரே மூச்சில் எழுதிவிடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சொடுக்குச் சத்தமும் வராது. கே3பி, இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது. இன்று பாதி நிரப்பி மீதியை அடுத்த வாரம் சேர்க்கலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அப்படிப் பகுதி பகுதியாக எழுதினால் பழைய செட் முதல் பகுதியை மட்டுமே பார்க்கும்.

இப்போது வேகம். 52எக்ஸ் என்று உறையில் பெரிதாகப் போட்டிருப்பது சுருளின் வெளி ஓரத்தை எட்டும்போதுதான் கிடைக்கும் வேகம். அந்த ஓட்டத்தில் லேசர் ஒவ்வொரு குறியையும் சுட்டுவிட்டுச் சட்டென்று அணைய வேண்டும். வெப்பம் கொஞ்சம் வழிந்தாலும் குறியின் விளிம்பு தள்ளிப்போகும். கணினி அதைத் திருத்திப் படித்துவிடும். பழைய செட் தடுமாறும். ஆனால் மிக மெதுவாக எழுதினால் மிக நன்றாக வரும் என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இன்றைய வட்டின் சாயம் வேக எழுத்துக்காகக் கலந்தது. 1எக்ஸ், 2எக்ஸில் எழுதினால் அளவுக்கு மீறிச் சூடேறலாம், பல ரைட்டர்கள் அந்த வேகத்தைக் காட்டவே காட்டா. 8எக்ஸ் அல்லது 16எக்ஸ் எனக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. யமஹா ஒரு காலத்தில் விற்ற ரைட்டர்களில் குறிகளை வேண்டுமென்றே சற்று நீளமாக எழுதும் வசதியே இருந்தது. வட்டில் பாட்டு நேரம் குறையும், விளிம்புகள் தெளிவாகும்.

முதல் பத்துப் பாட்டு நன்றாகப் பாடி, கடைசி இரண்டில் மட்டும் குதித்தால் காரணம் பெரும்பாலும் வெளி ஓரம். வட்டின் ஆட்டமும் வளைவும் அங்கேதான் அதிகம், எழுத்தின் தரமும் அங்கேதான் குறையும். போதாததற்கு, இன்று விற்கும் 80 நிமிட வட்டுகளில் சுருளை 1.5 மைக்ரோமீட்டருக்கு நெருக்கியிருக்கிறார்கள். தொடக்கத்தில் இருந்த 74 நிமிட வட்டு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே 80 நிமிடத்தையும் நிரப்பாமல் 65, 70-லேயே நிறுத்திவிடுங்கள். நல்ல வட்டு தேடுவோர் வெகுகாலம் நம்பிய தையோ யூடனும் 2015-உடன் இந்தத் தொழிலை விட்டுவிட்டது.

2000-களின் பிற்பகுதிச் செட் என்றால் முகப்பில் எம்பி3 என்று அச்சிட்டிருக்கலாம். அதற்கும் பிடிவாதங்கள் உண்டு. தமிழில் கோப்புப் பெயர் வைத்தால் கோடுகளோ கட்டங்களோ தெரியும். சிலது அந்தப் பாட்டையே தாண்டிப் போகும். பெயர்களைச் சிறிதாக, ஆங்கில எழுத்தில் வையுங்கள். கோப்புறைக்குள் கோப்புறை என்று ஆழமாகப் போக வேண்டாம். பாட்டுக்குள் ஒட்டியிருக்கும் பெரிய அட்டைப்படத்தையும் நீக்கிவிடுங்கள்.

எழுதிய வட்டைப் பேணுவது வேறு கதை. பலரும் அடிப்பக்கத்தைக் கண்ணாடி போலப் பாதுகாத்துவிட்டு மேற்பக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. அடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் அழிந்தாலும் செட்டின் பிழைதிருத்தம் முழுமையாக மீட்டெடுக்கும். மேலேயோ, உலோகப் படலத்துக்கும் சாயத்துக்கும் காவல் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பாட்டையே கீறிவிடுகிறோம். மெல்லிய முனை கொண்ட மார்க்கரால் நடு வளையத்தில் எழுதுங்கள். காகித லேபிள் ஒட்டவே வேண்டாம். கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும், ஒரு இறக்கையில் மட்டும் எடை கூடிய சீலிங் ஃபேன் போல வட்டு ஆடும். வெயிலில் பசை இளகி ஓரம் தூக்கினால் வட்டு செட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

வெயில் சாயத்துக்கு நேரடி எதிரி. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உள்ளே 60 டிகிரியைத் தாண்டும். டாஷ்போர்டு மேல் கிடக்கும் எழுதிய சிடி முதலில் வளையும், பிறகு சாயம் வெளிறும். அடியில் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும் சயனின் சாயம் ஒளிக்குச் சீக்கிரம் வெளிறுவது. ஏறக்குறைய நிறமற்றுத் தெரியும் தாலோசயனின் இன்னும் தாக்குப்பிடிக்கும். அதனால் மூலப் பிரதியை வீட்டில் வைத்துவிட்டு, காருக்குப் பிரதி எழுதுவதே என் வழக்கம்.

இத்தனையும் செய்து பார்த்தும் பாடவில்லையா? கடையில் வாங்கிய, கீறலில்லாத அச்சடித்த சிடி ஒன்றைப் போடுங்கள். அது ஒழுங்காகப் பாடினால் குறை வட்டிலோ எழுதிய விதத்திலோதான். வேறு கம்பெனி வட்டில், வேறு வேகத்தில் எழுதிப் பாருங்கள். அச்சடித்த சிடியும் குதித்தால் லென்ஸைப் பார்க்க வேண்டும். நுண்தூரிகை ஒட்டிய கிளீனிங் சிடி வெறும் தூசியாக இருந்தால் உதவும். சிகரெட் புகைப் படிவுக்கு உதவாது. மேடு பள்ளத்தில் மட்டும் குதித்தால், பிளேயர் தட்டைத் தாங்கும் ரப்பர் அதிர்வுத் தாங்கிகள் இறுகியிருக்கலாம். வண்டி நிற்கும்போதே அச்சடித்த சிடியும் பாடாவிட்டால் லேசரே சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் செட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. லேசரும் லென்ஸும் சேர்ந்த பிக்கப் பாகத்தைத் தனியாக மாற்றலாம். செட்டின் மாடல் எண்ணையும் பிக்கப்பின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் குறித்துக்கொண்டு, கார் ஸ்டீரியோ பழுது பார்க்கும் பழைய கை ஒருவரிடம் போய்க் கேளுங்கள்.