ஒளி, ஒலி, காட்சி ஒத்தியக்கம்

மாணவர்களே! நேரடி இசை நிகழ்ச்சியொன்றில் பாட்டு, மேடை விளக்குகள், பின்திரை வீடியோ ஆகிய மூன்றும் குறித்த கணத்தில் ஒன்றாக மாறுவதே ஒத்தியக்கம் எனப்படும். "மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்குதல்" என்று பலர் விடைத்தாளில் எழுதுகிறீர்கள். அது போதாது. ஏன் என்பதை வெசாக் தோரணத்தைக் கொண்டு நோக்குவோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து தொட்டலங்கத் தோரணம் பார்க்கப் போகாதவர் உங்களில் குறைவு. ஜாதகக் கதை ஒலிபெருக்கியில் ஒலிக்க, மின்குமிழ்கள் வரிசை வரிசையாக எரிந்து அணையும். பழைய முறையில் குமிழ்களை இயக்கியது ஒரு மர உருளை. அதன்மேல் செப்புத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். மோட்டார் உருளையைச் சுழற்ற, தகடு தொடுமுனையில் பட்டதும் அந்தச் சுற்றின் குமிழ்கள் எரியும், விலகியதும் அணையும். தகடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் ஒளி நிற்கும். இன்று இவ்வேலையைப் பெரும்பாலும் இலத்திரனியல் கருவிகள் செய்கின்றன. ஆயினும் உருளையை விளங்கிக்கொண்டவருக்குக் கணினி முறையும் எளிதில் விளங்கும்.

கதை ஒலிநாடாவிலும், படங்களுக்கான விளக்குகள் உருளையிலும் ஓடுவதாகக் கொள்வோம். இரண்டையும் ஒன்றாகவே தொடங்குகிறோம். உருளையின் வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் 10 நிமிடத்தில் விளக்கு ஏறத்தாழ 6 செக்கன் பிந்திவிடும். கதை அரண்மனைக்கு வந்திருக்கும், வெளிச்சம் இன்னும் காட்டில் நிற்கும்!

ஆகவே எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அக்கடிகாரமே டைம்கோட் எனப்படும் நேரக்குறியீடு. மணி, நிமிடம், செக்கன், பிறேம் என நான்கு எண்களாக அது ஓடும். செக்கனுக்கு 25 பிறேம் என்றால் ஒரு பிறேம் 40 மில்லிசெக்கன். ஒலிப்பதிவை ஓட்டும் கணினி இவ்வெண்ணை அனுப்ப, விளக்கு மேசையும் வீடியோக் கணினியும் அதைப் பின்தொடரும். பாட்டின் நடுவே விளக்கு மேசை நின்று மீண்டாலும், எண்ணை வாசித்துச் சரியான இடத்தைப் பிடித்துவிடும்.

1986இல் வந்த டி.எம்.எக்ஸ். 512 முறையை இதனுடன் குழப்ப வேண்டாம். அது 512 அலைவரிசைகளில் விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுசெல்வது. எப்போது என்பதை நேரக்குறியீடு சொல்லும். எந்த விளக்கு எவ்வளவு என்பதை டி.எம்.எக்ஸ். சொல்லும்.

இனி மனிதர். ட்றம்ஸ் வாசிப்பவர் காதுக்கருவியில் டிக், டிக் என்ற தாள ஒலியைக் கேட்டு வாசிப்பார். மற்றவர்கள் அவரைப் பின்பற்றுவர். ஆனால் சபையோர் கைதட்ட, பாடகர் பல்லவியை மறுபடி எடுத்தால் என்ன ஆகும்? நான் போயிருந்த ஒரு கலைவிழாவில் இதுதான் நடந்தது. பாடகர் பல்லவியில் நிற்க, திரையில் அடுத்த பாட்டின் படம் ஓடியது. கடிகாரத்துக்குக் கைதட்டல் கேட்பதில்லை. இவ்வாறான பாட்டுக்களில் நேரக்குறியீட்டை நிறுத்தி, இயக்குநர் மேடையைப் பார்த்துக் கையால் மாற்றுவதே பொருத்தம்.

பயிற்சி: ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். மேடையிலிருந்து 34 மீற்றர் தூரத்தில் இருப்பவர், விளக்கு மின்னி எவ்வளவு நேரத்தின்பின் மேடை ஒலியைக் கேட்பார்? அது எத்தனை பிறேம்?