பாக்கின் பேஸும் மூன்று பிரெஞ்சுக்காரர்களும்

ஜோஹன் செபாஸ்டியன் பாக்கின் மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா ஸ்வீட்டில் 'ஏர்' என்றொரு பகுதி உண்டு. உலகமே அறிந்த மெட்டு. அடுத்த முறை கேட்கும்போது வயலினை விட்டுவிட்டு, அடியில் போகிற பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். ஒவ்வொரு சுரத்தையும் இரண்டு ஸ்தாயிகளில் தொட்டபடி, சீரான நடையில் படிப்படியாக இறங்கிப் போகும். ஜாஸ்காரர்கள் 'வாக்கிங் பேஸ்' என்பார்களே, ஏறக்குறைய அதுதான்.

1959ல் பாரிஸில் இந்த நடையைப் பிடித்துக்கொண்டவர் ஜாக் லூசியே. 1934ல் ஆஞ்சே நகரில் பிறந்து, பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஈவ் நாத்திடம் பியானோ கற்றவர். சிறுவனாக இருந்தபோதே, அன்னா மக்தலேனா பாக்கின் நோட்டுப் புத்தகத்தில் இருந்த ஒரு சின்ன உருப்படியைத் திரும்பத் திரும்ப வாசித்து, போகப் போகத் தன் சுரங்களையும் அதில் சேர்க்கத் தொடங்கிவிட்டார். டபுள் பேஸுக்குப் பியர் மிஷெலோ, டிரம்ஸுக்குக் கிறிஸ்தியான் காரோஸ். இந்த மூவர்தான் 'ப்ளே பாக்' ட்ரையோ. மிஷெலோ லேசுப்பட்டவரல்ல. 1957ல் இயக்குநர் லூயி மாலின் படத்துக்காக ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் பாரிஸில் இசைப்பதிவு செய்தபோது பேஸ் வாசித்தவர் அவர்.

பதினைந்து ஆண்டுகளில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் விற்றன. பிரிட்டனில் இவர்களுடைய 'ஏர்' ஹாம்லெட் சுருட்டு விளம்பரத்தில் ஒலித்து வீட்டுக்கு வீடு பழக்கமானது. பிரபலம் கூடக் கூட, இது உணவகத்துப் பின்னணி இசை, பாக்குக்குச் செய்யும் அவமரியாதை என்ற முணுமுணுப்பும் கூடியது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

பாக்கின் காலத்தில் ஒரு குழுவில் ஹார்ப்சிகார்ட் வாசிப்பவருக்கு முழு இசையையும் எழுதித் தரமாட்டார்கள். பேஸ் வரியும், அதனுடன் சில எண்களும் மட்டும் இருக்கும். எந்தச் சுரக்கூட்டு என்பதை எண் சொல்லும். வலக்கை அதை எப்படி வாசிக்க வேண்டும் என்பது கலைஞரின் மனோதர்மம். பாக்கே அதில் மன்னர். 1747ல் போட்ஸ்டாமில் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் கொடுத்த கருப்பொருளை வைத்து, அங்கேயே உட்கார்ந்து மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் ஃபியூக் ஒன்றை வாசித்துக் காட்டினார். லூசியே செய்தது, எழுதி வைத்ததை எழுதியபடியே வாசிக்கும் பிற்காலப் பழக்கத்தில் தேய்ந்துபோன அந்தச் சுதந்திரத்தை மீட்டதுதான்.

இதற்கு 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' போல வேறு சாட்சி வேண்டாம். 1741ல் அச்சான அதில் முதலில் ஓர் ஏரியா, பிறகு 30 மாறுபாடுகள். ஏரியாவின் இனிய மெட்டை நம்பி உள்ளே போகிறவர்கள் திகைத்துவிடுவார்கள், ஏனென்றால் மாறுபாடுகளில் அந்த மெட்டு வராது. பாக் காப்பாற்றுவது பேஸையும் அதன் மேல் எழும் சுரக்கூட்டு வரிசையையும்தான். ஜாஸ் கலைஞர் ஒரு பாட்டை எடுத்தாலும் இதேதான் நடக்கிறது: மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு அதன் சுரக்கூட்டு (கார்டு) வரிசை மீது சுற்றுச் சுற்றாகப் புதிது புனைகிறார். ஏரியாவுக்கு 32 பார்கள்; ஜாஸில் புழங்கும் அமெரிக்கப் பாடல்கள் பலவற்றுக்கும் 32 பார்கள். தற்செயல்தான், ஆனால் மனசுக்கு நிறைவான தற்செயல்.

1978ல் மூவரும் பிரிந்தார்கள். தெற்குப் பிரான்ஸின் மிராவாலில் லூசியே நிறுவிய ஸ்டுடியோவில்தான் பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' ஆல்பத்தின் ஒரு பகுதி பதிவானது. பாக் பிறந்து 300 ஆண்டுகள் நிறைந்த 1985ல், டிரம்ஸில் ஆந்த்ரே அர்பினோவுடன் புது ட்ரையோ பிறந்தது. 'கோல்ட்பர்க்' முழுவதையும் 2000ல் வெளியிட்டார்கள். விவால்டி, சாத்தி, தெபுஸ்ஸி என்று மற்றவர்கள் பக்கமும் போனார்கள்.

எல்லாமே பலித்ததாகச் சொல்லமாட்டேன். அவர்கள் எடுத்த ராவெலின் 'பொலேரோ'வில் தாளம் மாறுவதில்லை; மெட்டுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. மாறுவதெல்லாம் வாத்தியங்களின் நிறமும் கூடிக்கொண்டே போகும் ஒலியும். மூன்றே வாத்தியங்களை வைத்துக்கொண்டு அந்த நிறங்களுக்கு எங்கே போவது? ஆனால் பீத்தோவனிடம் லூசியே மிகச் சரியாகத் தேர்ந்தெடுத்தார். ஏழாவது சிம்பனியின் இரண்டாம் பகுதியான அலெக்ரெட்டோவில் ஓர் எளிய கருப்பொருள், மெட்டு என்று சொல்லவே தயங்கும் அளவுக்கு ஒரே சுரத்தில் நின்று தட்டுகிறது. அது திரும்ப வரும்போதெல்லாம் அதன் மேல் புதுக் குரல்கள் ஏறுகின்றன. மாறுபாடுகளுக்கென்றே செய்ததுபோன்ற அந்தப் பகுதியை எடுத்து, தன் மாறுபாடுகளை அதன் மீது அடுக்கினார் லூசியே. 2019 மார்ச்சில், 84 வயதில் அவர் மறைந்தார்.