மருந்துக்கு முன்னால் தீவன அறை

நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணையோ, நாலு மாடு கட்டிய தொழுவமோ, எலி பெருகிவிட்டால் பெரும்பாலும் முதலில் தேடப்படுவது மருந்துதான். வைத்த மறுநாள் நாலைந்து எலி செத்துக் கிடந்தால் மனதுக்கும் ஆறுதல். சில மாதங்களில் எலிகள் பழைய எண்ணிக்கைக்கே திரும்பிவிடும்போது, மருந்து சரியில்லை என்று வேறொன்றை வாங்குகிறோம். மருந்தை மாற்றிப் பயனில்லை. ஓரிடத்தில் எத்தனை எலி வாழலாம் என்பதை முடிவு செய்பவை அங்கே சிந்திக் கிடக்கும் தீவனமும் ஒளிந்துகொள்ளக் கிடைக்கும் மறைவிடமும். அவை இரண்டும் அப்படியே இருக்கும்வரை, செத்த எலியின் இடத்துக்கு இன்னொன்று வந்துகொண்டேதான் இருக்கும்.

இதற்கு நல்ல சான்று ஒரு நகரத்திலிருந்து கிடைக்கிறது. 1940களில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வாளர் டேவிட் டேவிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் தெருத்தெருவாக எலிகளைக் கணக்கெடுத்தார்கள். பிடித்தும் கொன்றும் குறைத்த இடங்களில் அவை மீண்டும் பெருகின. குப்பையும் பதுங்கிடமும் ஒழிந்த இடங்களில் எண்ணிக்கை குறைந்தது. கொன்ற இடத்தில் மீண்டும் பெருகுவதற்குக் காரணம் எளிது. எலியின் சினைக்காலம் ஏறக்குறைய 3 வாரம், ஓர் ஈற்றுக்கு 6 முதல் 10 குட்டி, அந்தக் குட்டிகளும் சுமார் 3 மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். பாதி எலி செத்தால், மிஞ்சிய பாதிக்குத் தீவனம் தாராளமாகிறது. பிழைக்கும் குட்டிகள் கூடுகின்றன. கால்நடைப் பண்ணையில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கால் வைக்கும் இடமெல்லாம் கிடக்கும் கொட்டகையில், எலி எதற்காக மருந்து கலந்த இரையைத் தேடி வர வேண்டும்? புதிதாக எதைக் கண்டாலும் தயங்கும் பிராணி அது. துத்தநாக பாஸ்பைடு மருந்தைக் கொஞ்சம் கொறித்து, நோயுற்றுப் பிழைத்துக்கொண்ட எலி, மறுபடி அதைத் தொடாது. ஆகவே, மருந்தை நம்புகிறவர்களும் முதலில் மூட வேண்டியது தீவனத்தைத்தான்.

"எலி தின்றால் எவ்வளவு தின்னும்?" என்ற அலட்சியத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த எலி நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் தின்னும். 100 எலி இருந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 கிலோ தீவனம் போகிறது. முட்டை உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே என்பதால், இது லாபத்திலிருந்து நேராகக் கழிகிற தொகை. நோயின் செலவு தனி. சுண்டெலியின் ஒரே புழுக்கையில் லட்சத்துக்கு மேல் சால்மோனெல்லா கிருமிகள் இருக்கலாம் என அமெரிக்க முட்டைப் பண்ணைகளில் நடந்த ஆய்வு காட்டியது. கழுவிச் சுத்தம் செய்த கொட்டகையில் விடும் புதுக்கோழிகளுக்கும் இப்படித் தொற்று போகலாம். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு வேலை செய்யும் தொழிலாளிக்கு எலிக்காய்ச்சல் வரலாம். அந்த உயிர் ஆபத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது.

"திறந்த கொட்டகையை எப்படி அடைப்பது?" என்பது நியாயமான கேள்வி. காற்றோட்டத்துக்காகவே பக்கங்களைத் திறந்து கட்டியிருக்கிறோம். கொட்டகை முழுவதையும் அடைக்க வழியில்லை, தேவையும் இல்லை. அடைக்க வேண்டியது தீவன அறையை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பெரிய எலிக்கு அதைப்போல் இரு மடங்கு. கதவின் அடிப்பகுதிக்குத் தகரம், ஜன்னலுக்குக் கம்பி வலை, குழாய் நுழையும் ஓட்டைக்குச் சிமெண்ட். மூட்டைகள் சுவரை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயர்ந்த பலகைமேல். கொட்டகையைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல்பூண்டு இல்லாத வெற்றுத்தரை இருந்தால், மறைவில்லாத இடத்தைக் கடக்க எலி அஞ்சும். உடைந்த கூண்டும் காலிச் சாக்கும் குவிந்த மூலை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. சிந்திய தீவனத்தையும் உடைந்த முட்டையையும் காலையில் கூட்டுவதைவிட, எலி வெளியே வரும் இரவுக்கு முன்பாக மாலையிலேயே கூட்டிவிடுவது நல்லது. இதற்கு ஆள்கூலி ஆகும்தான். ஆனால் எலி தின்னும் தீவனத்துக்கும் பணம் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

பூனை போதும் என்பவர்களும் உண்டு. தீவனம் நிறைந்த பண்ணையில் எலி பெருகும் வேகத்துக்குப் பூனை ஈடுகொடுக்காது. அதன் எச்சத்தில் பரவும் டாக்சோபிளாஸ்மா ஆடுகளுக்குக் கருச்சிதைவையும் கொண்டுவரும். மருந்தே கூடாது என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரே வகையை ஆண்டுக்கணக்கில் வைத்தால் எலி பழகிவிடும். வார்ஃபரின் என்னும் எலிமருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற எலிகள் 1958-லேயே ஸ்காட்லாந்துப் பண்ணையில் தென்பட்டன. புரோமடியோலோன் போன்றவற்றைத் தின்ற எலி சாகச் சில நாள் ஆகும். அதற்குள் அதைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் நாய்க்கும் அந்த நஞ்சு போகும். அதனால் மருந்தைப் பெட்டிக்குள் வைத்து, செத்தவற்றை அன்றன்றே பொறுக்கிப் புதைக்க வேண்டும். மருந்துக்கு ஏற்ற வேளை, முட்டைக்காலம் முடிந்து கோழிகளை இறக்கிக் கொட்டகை காலியாகும் வாரம். அப்போதுதான் எலிக்குப் பசி. அதே வாரத்தில் அது அடுத்த பண்ணையின் தீவன அறைக்கும் கிளம்பும். ஆகவே கோழி இறக்கும் தேதியைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவரும் தம் கதவின் அடித்தகரத்தையும் பொறிகளையும் சரிபார்த்து வைக்கலாம்.