ஒப்படைத்த பிறகும் உங்கள் பொறுப்புதான்

"நானே செய்தால்தான் சரியாக வரும்" என்று சொல்லும் முதலாளிகளை நம் சிறுதொழில் வட்டாரத்தில் நிறையப் பார்க்கலாம். லாரிக்கு டீசல் போடுவதிலிருந்து சம்பளக் கணக்கு வரை எல்லாம் அவர் கையில். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனியே படுத்துவிடும்.

இன்னொரு வகையினர் "நீ பார்த்துக்கொள்" என்று வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். என் கணக்கில் இவர்களால்தான் சேதம் அதிகம்.

சம்பள வேலையையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் ஒரு மாதச் சம்பளத்திற்கான இபிஎஃப் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சொக்சோவுக்கும் மாதாந்திர வரிப் பிடித்தத்திற்கும் அதே தேதிதான். 60 வயதுக்குட்பட்ட மலேசியர் ஒருவருக்கு 3,000 வெள்ளி சம்பளம் என்றால் முதலாளி பங்கு 390, ஊழியர் பங்கு 330, ஆக 720 வெள்ளி. தவறினால் தாமதக் கட்டணத்தோடு ஈவையும் முதலாளி கட்ட வேண்டியிருக்கும். செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் என்றால், 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, கட்டாத சந்தாவுக்கு இயக்குநர்களையும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளி ஆக்குகிறது. "கிளார்க்கிடம் சொல்லியிருந்தேனே" என்ற பதில் அங்கே எடுபடாது.

நான் முன்பு வேலை செய்த ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் இது நடந்தது. புதிதாக வந்த பெண்ணிடம் முதலாளி இந்த வேலையைக் கொடுத்தார். அவர் 10ஆம் தேதியே பட்டியலைத் தயார் செய்துவிட்டார். ஆனால் வங்கிக் கணக்கில் ஒப்புதல் தரும் உரிமை முதலாளியின் கைப்பேசியில் மட்டும் இருந்தது. முதலாளியோ குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார். அவருடைய மலேசிய எண் அங்கே வேலை செய்யவில்லை. 15ஆம் தேதி கடந்தது. திரும்பி வந்தவர் திட்டியது அந்தப் பெண்ணைத்தான். மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். நல்ல பிள்ளை, கணக்கில் ஒரு காசு தவறவிட மாட்டார்.

அந்தப் பெண்ணிடம் வேலை வந்து சேர்ந்தது, அதை முடிக்கத் தேவையான அதிகாரம் வரவில்லை. ஒரு வேலையைக் கொடுக்கும்போது அது எப்போது முடிந்ததாகக் கணக்கு, எவ்வளவு வரை கேட்காமல் செலவு செய்யலாம், நீங்கள் இல்லாதபோது யாரிடம் கேட்பது என்ற மூன்றையும் வாயால் சொல்லிவிட்டு வாட்ஸ்ஆப்பிலும் எழுதிப் போடுங்கள். மேலே சொன்ன நிறுவனத்தில் "12ஆம் தேதி மாலைக்குள் கட்டிய ரசீதை எனக்கு அனுப்பு, நான் இல்லாவிட்டால் என் தம்பி ஒப்புதல் கொடுப்பார்" என்ற ஒரே செய்தி போதுமாக இருந்திருக்கும். 12 என்று சொன்னால் ஏதாவது தவறினாலும் சரிசெய்ய மூன்று நாள் கையில் இருக்கும்.

கண்காணிப்பதிலும் அளவு வேண்டும். மணிக்கொரு தடவை "முடிந்ததா?" என்று கேட்டால் வேலையைக் கொடுத்ததற்கே அர்த்தமில்லை. புதியவர் என்றால் முதல் இரண்டு மாதம் நடுவில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அனுபவசாலி என்றால் ரசீது வந்தாலே போதும். அவர் உங்களைப் போலவே செய்ய வேண்டும் என்பதில்லை, முடிவு சரியாக இருந்தால் அவர் வழியிலேயே விடுங்கள். ஆளைத் தேர்ந்து வேலையை விடுவதற்கென்றே வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். நாம் அதைப் பள்ளியோடு விட்டுவிட்டோம்.

சம்பள உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை, ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது போன்றவற்றை மட்டும் யாரிடமும் தள்ளிவிடாதீர்கள். அந்த ஊழியருக்கு அது உங்கள் வாயிலிருந்தே வர வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்கள், தவறினால் பெரிய நட்டம் வராத ஒரு வேலையை இந்த மாதம் கொடுத்துப் பாருங்கள். ஸ்டேஷனரி வாங்குவது, லாரி சர்வீஸ் தேதிகளைக் குறித்து வைப்பது போன்றவை போதும். இபிஎஃப் அதற்குப் பிறகு வரட்டும்.